ஏழாம் சாவடியின் இருபத்திரண்டு சீட்டுகள்

வெர்னா ப்ரூபேக்கரின் சமையலறையில், தட்டுகள் வைக்கும் அலமாரிக் கதவின் உட்புறம் முழுக்கப் பென்சில் எண்கள். அந்தத் தெருவின் மற்ற வீடுகளில் பிள்ளைகள் வளர்ந்த உயரத்தை அப்படிக் கோடு போட்டு வைத்திருப்பார்கள். வெர்னாவுக்கும் அவள் கணவன் ரேவுக்கும் பிள்ளைகள் இல்லை. அவள் குறித்து வைத்தது ஏழாம் வாக்குச்சாவடியில் ஒவ்வொரு தேர்தலிலும் எந்தக் கட்சிக்கு எத்தனை வாக்கு என்பதை. இடப்பக்கம் ஜனநாயகக் கட்சி, வலப்பக்கம் குடியரசுக் கட்சி.

முதல் வரிசையில் 241, 168. பல்சக்கரத் தொழிற்சாலை மூன்று ஷிஃப்ட் ஓடிய காலம் அது. தொழிற்சங்கம் கை காட்டிய பக்கம் தெருவே போய் வாக்களித்தது. தொழிற்சாலை மூடிய மறுவருடம் 190, 205. அப்புறம் இடப்பக்க எண் ஒவ்வொரு முறையும் மெலிந்துகொண்டே வந்தது. கடைசி வரிசை 97, 301.

ஹோல்கம் நகரம், ஆற்றுக்கு அக்கரையில் மேற்கு ஹோல்கம், சுற்றிலும் சோள வயல்கள், எல்லாம் சேர்ந்து டன்மோர் கவுண்ட்டி. சிக்காகோ தொலைக்காட்சியில் யாராவது வரைபடத்தை வைத்துக்கொண்டு இந்த மாதிரி ஊர்கள் ஏன் மாறின என்று விளக்கும்போது வெர்னாவுக்கு லேசாகச் சிரிப்பு வரும். அவர்கள் சதவீதமாகப் பேசுவதை அவள் வீடு வீடாக அறிந்திருந்தாள். இன்னார் எந்த வருடம் மாறினார், இன்னார் மாறிவிட்டு வெளியே சொல்லாமல் இருக்கிறார், எல்லாம் தெரியும் என்று நினைத்தாள். ஆள் கதவைத் திறந்து உள்ளே வரும்போதே அவர் வாக்கு எங்கே விழும் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வாள். சொன்னது சரியா என்று பார்க்க வழியே இல்லை. வழி இல்லாததாலேயே அது பெரும்பாலும் சரி என்று அவளுக்குள் ஊறிப்போயிருந்தது.

மாறியவர்களில் ரேயும் ஒருவன். தொழிற்சாலை மூடியபின் வந்த இரண்டாவது தேர்தலில் மாறினான்.

"உன் ஓட்டும் என் ஓட்டும் ஒண்ணையொண்ணு அடிச்சுக்குது. பேசாம ரெண்டு பேரும் வீட்லயே கெடந்தா பெட்ரோலாவது மிச்சம்" என்பான் ஒவ்வொரு முறையும்.

"நீ கெட. நான் போறேன்" என்பாள் அவள்.

இருவரும் போவார்கள்.

வெர்னா இருபது வருடங்களுக்கு மேலாகச் சாவடிக் கிளார்க். ஒரு சாவடிக்கு இரண்டு கிளார்க்குகள், கட்சிக்கு ஒருவர். ஏழாம் சாவடியில் ஜனநாயகக் கட்சி சார்பில் உட்கார வேறு ஆள் கிடைப்பதில்லை. செப்டம்பர் பிறந்தால் கட்சித் தலைவர் போன் செய்து, "வெர்னா, உயிரோடதானே இருக்கே?" என்று கேட்பார். அவ்வளவுதான் நியமனம். எதிர்க்கட்சிக் கிளார்க் வெண்டல் நஸ்பாம். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன், எழுபத்தொரு வயது. பதினான்கு வருடங்களாகத் தேவாலயத்தின் கீழ்த்தளக் கூடத்தில் ஒரே மேசைக்குப் பின்னால் இருவரும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அவர்கள் வேலையில் முக்கியமானது ஒன்றுதான். ஒவ்வொரு வாக்குச்சீட்டின் பின்புறத்திலும் இருவரும் தங்கள் சுருக்கொப்பத்தைப் போட வேண்டும். வெர்னா 'வெ.ப்.', வெண்டல் 'வெ.ந.'. இரண்டு கட்சியும் பார்த்துக் கொடுத்த சீட்டு இது என்பதற்கு அதுதான் அத்தாட்சி. எண்ணும் இயந்திரம் முன்புறத்தை மட்டுமே படிக்கும். மறு எண்ணிக்கை என்று வந்தால்தான் மனிதர்கள் சீட்டைத் திருப்பிப் பார்ப்பார்கள். அப்போது ஓர் ஒப்பம் குறைந்தாலும் சீட்டு தள்ளுபடி. மறந்துபோனது அன்றே தெரியவந்து, சாவடிக் குறிப்பேட்டில் எழுதி இருவரும் ஒப்பமிட்டிருந்தால் மட்டும் தள்ள மாட்டார்கள். அக்டோபர் பயிற்சி வகுப்பில் வருடா வருடம் இதைச் சொல்வார்கள். வருடா வருடம் வெண்டல் அந்த இடத்தில் தூங்குவான்.

கூட்டம் வரும்போது ஒவ்வொரு சீட்டாக ஒப்பமிட முடியாது என்பதால், ஓய்ந்த நேரத்தில் ஐம்பது சீட்டுக் கட்டு ஒன்றை வெண்டல் முதலில் போட்டு வலப்பக்கம் வைப்பான். வெர்னா அதை எடுத்துத் தன்னுடையதைப் போட்டு இடப்பக்கம் வைப்பாள். இடப்பக்கத்திலிருந்துதான் வாக்காளருக்குக் கொடுப்பது.

அந்த நவம்பரில் சரியாக எட்டு மணிக்கு வெர்னா எழுந்து பெர்சிமன் பழப் புட்டிங்கை வெட்டினாள். அது அவர்கள் இருவருக்குமான வழக்கம்.

"இந்தத் தடவையும் சக்கரையக் கொறச்சுட்டே" என்றான் வெண்டல், ஒரு வாய் போட்டுக்கொண்டு.

"உனக்குச் சுகர் இருக்கு. நீ போய்ச் சேந்தா உங்காளுங்களுக்கு ஒரு ஓட்டு கொறையும், அது எனக்கு நல்லதுதான். ஆனா அப்புறம் பக்கத்துல யாரு உக்காருவா? அந்த லூத்தரன் சபைப் பாடகரை அனுப்பிடுவாங்க. நாள் பூரா முனகிட்டே இருப்பாரு."

"அப்ப என் உசுரு உன் காதுக்காகத்தான் இருக்கு."

"வேற எதுக்குன்னு நெனச்சே?"

வெர்னா விரல்களைத் துடைத்துக்கொண்டு உட்காரும்போது கதவு திறந்து வரிசையாக ஆட்கள் வந்தார்கள். அவள் கை நீட்டி ஒரு கட்டை இழுத்துக்கொண்டாள். வலப்பக்கத்துக் கட்டு.

ஒன்பதரைக்கு வரிசை ஓய்ந்தது. தவறான சாவடிக்கு வந்துவிட்ட ஒரு கிழவரை வெண்டல் வெளியே அழைத்துப்போய் வழி சொல்லிக்கொண்டிருந்தான். வெர்னா கட்டைத் திருப்பிப் பார்த்தாள். 'வெ.ந.' மட்டும் இருந்தது. அடுத்த சீட்டிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். கட்டில் மீதமிருந்தவை இருபத்தெட்டு.

இருபத்திரண்டு பேர் போய்விட்டார்கள். அவர்கள் சீட்டுகள் இயந்திரத்துக்குள் விழுந்துவிட்டன.

குறிப்பேடு அவள் முழங்கைக்குப் பக்கத்தில்தான் கிடந்தது. அவள் அதை எடுக்கவில்லை. வந்துபோனவர்கள் யார் யார் என்று முதலில் மனம் ஓடியது. டிரெய்லர் தொழிற்சாலையின் மாஸ்ட் சகோதரர்கள், குடியரசுக் கட்சி வேட்பாளர் பெயர் பொறித்த தொப்பிகளைச் சாவடிக்கு வெளியே கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டு. பன்றிப் பண்ணைக் காஃப்மன். மருத்துவமனைச் சீருடையில் நாலைந்து பெண்கள், கழுத்தில் சிலுவை. ஆற்றோரக் குடியிருப்பிலிருந்து ஒரு வயதான தம்பதி. அத்தனை பேரும் அந்தப் பக்கம். அலமாரிக் கதவின் வலப்பக்கம்.

போனால் போகட்டும்.

அதை அவள் சொல்லாகச் சொல்லிக்கொள்ளவில்லை. ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம்தான். பேனாவை எடுத்து மீதமிருந்த இருபத்தெட்டுச் சீட்டுகளிலும் வேகமாகத் தன் ஒப்பத்தைப் போட்டாள். வெண்டல் திரும்பி வந்தபோது கட்டு இடப்பக்கம் இருந்தது.

"பாவம், அவருக்குப் பன்னண்டாம் சாவடி. பொண்டாட்டி இருந்தவரைக்கும் அந்தம்மாதான் கூட்டிட்டுப் போகுமாம்" என்று சொல்லியபடி உட்கார்ந்தான். "இன்னொரு துண்டு வெட்டு."

அவள் வெட்டிக் கொடுத்தாள்.

அந்த வருடம் கவுண்ட்டியில் எல்லாரும் பேசிக்கொண்டிருந்தது கவுன்சிலின் மூன்றாம் தொகுதியைப் பற்றி. கவுண்ட்டி நடத்தும் முதியோர் இல்லத்தைத் தனியாருக்கு விற்பதா வேண்டாமா என்பதில் கவுன்சில் மூன்றுக்கு மூன்று நின்றது. ஏழாவது இடம் அந்தத் தொகுதி. விதை, உரம் விற்கும் கேரி லான்ட்ஸ் குடியரசுக் கட்சிக்கு நின்றார், விற்கலாம் என்றார். ஏழாம் வகுப்பு ஆசிரியை மெரிடித் ஆய்லர் ஜனநாயகக் கட்சிக்கு நின்றாள், கூடாது என்றாள். முடிவில் லான்ட்ஸ் 2,914, ஆய்லர் 2,907. ஏழு வாக்கு வித்தியாசம். மெரிடித் மறு எண்ணிக்கை கேட்டாள்.

அதைக் கேள்விப்பட்ட மறுநாள் வெர்னா காலைச் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்தாள்.

டிசம்பர் முதல் வாரத்தில் நீதிமன்றக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் மூவர் குழு சீட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தது. மற்ற சாவடிகளில் இயந்திரம் சரியாகப் படிக்காத சீட்டுகள் கிடைத்து, மெரிடித் ஒன்பது வாக்கு ஏறினாள். இரண்டு வாக்கு முன்னிலை. கடைசியாகத் திறந்த பெட்டி ஏழாம் சாவடியுடையது.

குழுத் தலைவர் பண்ணை வழக்குகளைப் பார்க்கும் ஒரு வழக்கறிஞர். இருபத்திரண்டு சீட்டுகளைத் தனியாக அடுக்கிவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். வெண்டலைச் சத்தியம் செய்யச் சொல்லிக் கேட்டார்.

"மிஸ்டர் நஸ்பாம், இதுல உங்க இனிஷியல் மட்டும்தான் இருக்கு. எப்படி ஆச்சு?"

"எட்டு மணிக்குப் புட்டிங் சாப்பிட்டோம். கட்டு மாறிப் போயிருக்கும். கவனிக்கல."

"ரெண்டு பேருமே கவனிக்கலையா?"

"நான் கவனிக்கல. வெர்னா கவனிச்சிருந்தா அப்பவே எழுதியிருப்பா. பதினாலு வருஷமா பக்கத்துல உக்காந்திருக்கேன், ஐயா. எங்க கட்சியில பல பேரை விட எனக்கு அவ மேல நம்பிக்கை ஜாஸ்தி. இதை வெளியில சொல்லிடாதீங்க."

அறையில் எல்லாரும் சிரித்தார்கள். தலைவரும் சிரித்தபடியே வெர்னாவின் பக்கம் திரும்பினார்.

"மிசஸ் ப்ரூபேக்கர், அவர் சொன்னது சரிதானா?"

"ஆமா" என்றாள் வெர்னா.

அவளையும் அதற்கு முன்பே சத்தியம் செய்ய வைத்திருந்தார்கள்.

குறிப்பேட்டில் பதிவு இல்லாததால் இருபத்திரண்டும் தள்ளுபடி. அவற்றை மொத்தத்திலிருந்து கழிக்க, யாருக்கு விழுந்தவை என்று உரக்கப் படித்தார்கள். வெர்னா மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு கேட்டாள். ஆய்லர். ஆய்லர். லான்ட்ஸ். ஆய்லர். பத்தாவது சீட்டில் ஏதோ தவறாகப் படிக்கிறார்கள் என்று நினைத்தாள். ஆய்லர். லான்ட்ஸ். ஆய்லர். மொத்தத்தில் மெரிடித்துக்குப் பதின்மூன்று, லான்ட்ஸுக்கு எட்டு, ஒன்றில் அந்த இடம் வெறுமையாக விடப்பட்டிருந்தது.

லான்ட்ஸ் 2,906. ஆய்லர் 2,903.

வெளியே நடைவழியில் கட்சித் தலைவர் வெர்னாவின் தோளைப் பிடித்துக்கொண்டார். "உன் தப்பு இல்ல வெர்னா. யாருக்கும் நடக்கும். நம்ம ஆளுக்கு எதிராவே போயிடுச்சு பாரு, அதான் கொடுமை." எதிர்க்கட்சி வழக்கறிஞர்கூட அவளுக்குக் கதவைத் திறந்துவிட்டார். பதின்மூன்றும் எட்டும் இடம் மாறி விழுந்திருந்தால் அவர்கள் இன்று அவளை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். வேண்டுமென்றே செய்தாள் என்றிருப்பார்கள். அது முழுப் பொய்யும் இல்லை. இப்போது அந்தச் சந்தேகமே யாருக்கும் எழ முடியாது. சொந்தக் கட்சியின் வாக்கை எவள் அழிப்பாள்?

ஒருவன் குருட்டுக் கோபத்தில் கல்லை விட்டெறிந்து, அது அவன் சொந்த வீட்டு ஜன்னலையே உடைத்தால், ஊர் அவனுக்காக இரக்கப்படும். கல் எந்த ஜன்னலை நோக்கிப் போனது என்று அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். விளைவை வைத்து மனிதனை எடைபோடுவது சுலபம்; மற்றவர்களுக்கு வேறு வழியும் இல்லை. வெர்னாவுக்கு அந்தச் சலுகை இல்லை. அவள் உள்ளே இருந்தாள்.

அவள் அலமாரிக் கதவைத் திறக்காமலே ஒரு வாரம் ஓட்டினாள். தட்டுகளைக் கழுவி மேசையிலேயே அடுக்கினாள்.

"அலமாரிக்கு என்ன ஆச்சு?" என்றான் ரே.

"ஒண்ணுமில்ல."

"எலியா?"

"எலி இல்ல, ரே."

அவன் மேசையிலிருந்த தட்டையே எடுத்துச் சாப்பிட்டான்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் மெரிடித் ஆய்லர் வந்தாள். கையில் அலுமினியத் தாள் மூடிய கோழி நூடுல்ஸ். முப்பத்தெட்டு வயது. தேர்தல் முழுவதும் ஒரே கம்பளிக் கோட்டோடு அலைந்தவள், இன்னும் அதையே போட்டிருந்தாள்.

"சபையில உங்களக் காணோம்னு சொன்னாங்க, மிசஸ் ப்ரூபேக்கர். நீங்க இதுக்காக மனசப் போட்டு வதைச்சுக்கக் கூடாது. அதைச் சொல்லத்தான் வந்தேன். தோத்தது நான். நானே சாப்பிடுறேன், தூங்குறேன்."

"உக்காரு, மெரிடித்."

"இல்ல, கார்ல பசங்க..."

"உக்காரு."

அவள் உட்கார்ந்தாள். வெர்னா அவளிடமிருந்து வாங்கிய நூடுல்ஸ் பாத்திரத்தைக் கையிலிருந்து கீழே வைக்கவில்லை. அது இன்னும் சூடாக இருந்தது.

"எனக்கு அன்னிக்கே தெரியும். ஒன்பதரைக்குப் பாத்துட்டேன். எழுதியிருந்தா அத்தனையும் செல்லுபடியாகியிருக்கும். எழுதல."

மெரிடித் நிமிர்ந்தாள். "பயந்துட்டீங்களா?" என்று கேட்டாள். அந்தப் பதில் போதும் என்று அவளே எடுத்துக் கொடுப்பதுபோல இருந்தது.

பயம் என்று சொல்லிவிடலாம். வெர்னா ஒரு வாரமாக அதைத்தான் தனக்குச் சொல்லிப் பார்த்திருந்தாள்.

"இல்ல. வந்தவங்களப் பாத்தேன். எல்லாம் லான்ட்ஸோட ஓட்டுன்னு நெனச்சேன். போகட்டும்னு விட்டுட்டேன்."

மெரிடித் கோட்டின் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

"யாரு யாரு வந்தாங்க?"

"மாஸ்ட் பசங்க. காஃப்மன். ஆஸ்பத்திரிப் பொண்ணுங்க."

"மாஸ்ட் பசங்களோட அம்மா அந்த இல்லத்துலதான் இருக்காங்க. ரெண்டாவது மாடி. வித்துட்டா எங்க கொண்டுபோறதுன்னு பெரியவன் என்கிட்ட வாசல்ல நின்னு அழுதான். மேல இருக்கற பதவிக்கெல்லாம் எங்க கட்சி ஆளுக்கு, இந்த ஒரு ஓட்டு மட்டும் உனக்குன்னான்." அவள் குரல் உயரவில்லை. "நைட் ஷிஃப்ட் நர்ஸுங்க கிட்ட நாந்தான் சொன்னேன், வீட்டுக்குப் போய்ப் படுத்தா எந்திரிக்க மாட்டீங்க, ஷிஃப்ட் முடிஞ்சதும் நேரா போங்கன்னு. எட்டு மணிக்கு மேல வந்தாங்க இல்ல? அந்தத் தெருவுல ஒரு கதவு விடாம தட்டினேன், மிசஸ் ப்ரூபேக்கர். நீங்க அங்கயே நாப்பது வருஷமா இருக்கீங்க. தொப்பியையும் சிலுவையையும் பாத்தே முடிவு பண்ணிட்டீங்களா?"

வெர்னா பாத்திரத்தை மேசையில் வைத்தாள்.

"அது லான்ட்ஸோட ஓட்டாவே இருந்திருந்தா, சொல்லியிருப்பீங்களா?"

"தெரியல" என்றாள் வெர்னா. பிறகு, "சொல்லியிருக்க மாட்டேன்னு நெனக்கறேன்" என்றாள்.

மெரிடித் எழுந்தாள். வாசல்வரை போய், "பாத்திரத்தைச் சபையில குடுத்துடுங்க" என்று மட்டும் சொன்னாள். கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் வண்டி கிளம்பியது.

அன்று மாலைக்குள் வெர்னா ஒரு தாளில் எழுதினாள். மணி, கட்டு, இருபத்திரண்டு, இருபத்தெட்டு. குழுவின் முன்னால் 'ஆமா' என்றது உண்மையல்ல என்று. கடைசி வரியை மூன்று முறை அடித்து எழுதினாள்: 'அவை எதிர்க்கட்சியின் வாக்குகள் என்று நினைத்ததால் பதியவில்லை.'

சாவடி சம்பந்தப்பட்ட எந்தத் தாளானாலும் இரண்டு கிளார்க்குகளின் ஒப்பமும் வேண்டும். தேர்தலே முடிந்து சான்றளித்தாகிவிட்ட பிறகு இதற்கு அது தேவையா என்று அவளுக்குத் தெரியாது. தேவையில்லை என்றாலும் வெண்டல் தெரிந்துகொள்வது வேறு யாரிடமிருந்தாவது இருக்கக் கூடாது.

திங்கட்கிழமை காலை அவன் கராஜில் பனி தள்ளும் இயந்திரத்தைப் பிரித்துப் போட்டிருந்தான்.

"வா வா. இந்த நட்டு சுத்த மாட்டேங்குது. உங்க கட்சிக்காரன் எவனோ மாட்டியிருக்கான்" என்றான்.

அவள் தாளை நீட்டினாள். அவன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வாங்கி, ஜன்னல் வெளிச்சத்துக்குப் போய்ப் படித்தான். மறுபடியும் முதலிலிருந்து படித்தான். உதடு அசைந்தது.

"நான் சத்தியம் பண்ணிச் சொன்னேன்" என்றான்.

"நீ உனக்குத் தெரிஞ்சதச் சொன்னே."

"எனக்குத் தெரிஞ்சதுன்னு நெனச்சதச் சொன்னேன்." தாளை மடித்தான், பிறகு பிரித்தான். "எங்காளுங்க ஓட்டுன்னு நெனச்சியா?"

"ஆமா."

"இருபத்திரண்டு பேரு. உன் கையால சீட்டு வாங்கிட்டு, தேங்க்ஸ் சொல்லிட்டுப் போனவங்க." அவன் அவளைப் பார்க்காமல் இயந்திரத்தைப் பார்த்துச் சொன்னான். "அதுல என் ஓட்டு இருந்திருந்தா?"

"உன் ஓட்டு காலைல ஆறு மணிக்கே போட்டாச்சு."

"இருந்திருந்தான்னு கேட்டேன்."

கராஜில் எண்ணெய் வாடை. வெளியே யாரோ உப்புத் தூவிக்கொண்டு போனார்கள்.

"நீ பக்கத்துல இல்ல, வெண்டல். கெழவருக்கு வழி சொல்லப் போயிருந்தே. நீ உக்காந்திருந்தா எழுதியிருப்பேன்."

"அது எனக்குப் பெருமையா?" என்றான்.

பணிமேசையில் கிடந்த தச்சர் பென்சிலை எடுத்தான், வைத்தான், சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தான். அவளுடைய முழுக் கையொப்பத்துக்குக் கீழே 'வெ.ந.' என்று போட்டான்.

"இது நீ எழுதினதுங்கறதுக்கு மட்டும். வேற எதுக்கும் இல்ல."

"புரியுது."

"செப்டம்பர்ல தலைவர் போன் பண்ணா என்ன சொல்லப் போறே?"

"வேற ஆளப் பாத்துக்கச் சொல்லுவேன்."

அவன் தலையை ஆட்டினான். சரி என்றா, வேண்டாம் என்றா என்று அவளுக்குத் தெரியவில்லை. நட்டைத் திருப்புவதற்குக் குனிந்துகொண்டான்.

நீதிமன்றக் கட்டடத்தில் கவுண்ட்டி அலுவலகச் சன்னலுக்கு முன்னால் நாய் உரிமத்துக்கும் வண்டிப் பதிவுக்கும் ஆறேழு பேர் நின்றார்கள். வெர்னா வரிசையில் நின்றாள். முன்னால் நின்றவளை அவளுக்குத் தெரியும், ஆற்றோரக் குடியிருப்பு. தேர்தலன்று காலை கணவனோடு வந்து அவள் கையிலிருந்து சீட்டு வாங்கிப்போனவள். எந்தப் பக்கம் என்று பழக்கத்தில் மனம் சொல்லத் தொடங்கியது. வெர்னா அதை நிறுத்தப் பார்த்தாள். நிற்கவில்லை.

சன்னலுக்குள் இருந்த பெண் தாளைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள். "மேடம், இது எல்லாம் முடிஞ்சு போச்சே. ரிசல்ட் மாறாது."

"தெரியும்."

"இதுக்கு எந்த ஃபைலும் இல்ல. ரெக்கார்டுல வெச்சா யாரு வேணா எடுத்துப் படிக்கலாம். பத்திரிகைக்காரங்க வியாழக்கிழமை வருவாங்க. குழுத் தலைவருக்கும் ஒரு காப்பி போகணும், சத்தியம் பண்ணிச் சொன்னதா எழுதியிருக்கீங்க." குரலைத் தாழ்த்தினாள். "வீட்டுக்கு எடுத்துட்டுப் போறீங்களா? நான் பாக்கலன்னு வெச்சுக்கறேன்."

பின்னால் நின்றவர்கள் பேச்சை நிறுத்தியிருந்தார்கள்.

"நானும் அப்படித்தான் வெச்சுக்கிட்டேன்" என்றாள் வெர்னா. "முத்திரை குத்திடும்மா."

அந்தப் பெண் தேதி முத்திரையை எடுத்து மையில் ஒற்றினாள். வெர்னா சன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அது தாளில் இறங்கும்வரை பார்த்தபடி நின்றாள்.